யட்சியும் சித்தாளும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் கேரளத்தில் மலம்புழா அணைக்குப் போயிருந்தோம். சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யட்சி சிலையைப் பார்த்தேன். 30 அடி உயரக் கான்கிரீட் நிர்வாணம். இதைப் பெண்ணின் அதிகாரம் என்கிறார்கள். செய்தது ஆண்தானே, ஆணின் பார்வைதானே அது?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க.,

ஆண் செய்தால் ஆண் பார்வை என்று வாட்ஸப்பில் படித்ததை என்னிடம் ஒப்பிக்காதீர்கள். அவள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே, கவனித்தீர்களா? கைகளைக் கூந்தலுக்குள் விட்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, பஸ்ஸில் ஆண்கள் உட்காருவதுபோலக் காலை அகட்டி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

ஆனால் 'கான்கிரீட்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள் பாருங்கள், அங்கேயே நின்றுவிட்டேன். இப்போது வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நாற்காலி போட்டு அம்மா வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 22 வருடம் சித்தாளாக இருந்தவள். தளம் போடும் நாளில் சும்மாடு வைத்துப் பாண்டு பாண்டாகக் கலவை சுமப்பாள். உச்சியில் காசளவுக்கு முடி தேய்ந்திருக்கும். தண்ணீர் கூடிப்போனால் மிக்சர் சுற்றும் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். கரண்டியை மட்டும் அவள் கையில் ஒருநாளும் யாரும் கொடுத்ததில்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த பொடியன் நாலே வருடத்தில் கொத்தனாராகி அவளைப் பேர் சொல்லி ஏவினான். அடுப்படியில் கரண்டி அவளுக்கு, சாரத்தில் கரண்டி அவனுக்கு. என் மாடியிலும் இன்றைக்கு அதே கதைதான். கூலி கொடுக்கிறவன் நான். அதிகாரத்தைத் தேடி மலம்புழா வரைக்கும் ஏன் போனீர்கள்? உங்கள் வீட்டுத் தளத்தை யார் சுமந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா?

மெரினா உழைப்பாளர் சிலையில் நான்கு பேர். நான்கும் ஆண். சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜுக்குத்தான் கண் இருந்தது. கம்பிக் கூட்டின்மேல் சிமெண்டையும் செம்புறாங்கல் சரளையையும் அள்ளி அப்பி 1938இல் சந்தால் பழங்குடிக் குடும்பத்தைச் செய்தார். அந்தப் பெண்ணின் தலையில் சுமை, இடுப்பில் பிள்ளை. 1956இல் 'ஆலைச் சங்கு': ஈரச் சேலையைக் காற்றில் உலர்த்தியபடியே வேலைக்கு ஓடுகிற பெண்கள்.

அந்தச் சிற்பத்தின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"கல்லு சாஸ்தி, சிமெண்டு கம்மி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாத்துச்சீலை இல்லாதவளாட்ட இருக்குது" என்றாள்.