டியூக் வாங்கலாமா? கே.டி.எம். நிலைக்குமா?

கேள்வி: பொள்ளாச்சியில் 2018 மாடல் கே.டி.எம். டியூக் 390 பைக் ஒன்று விலைக்கு வருகிறது. கே.டி.எம். கம்பெனி திவாலாகிவிட்டது என்கிறார்கள். வாங்கினால் நாளைக்கு ஸ்பேர் கிடைக்குமா?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: கிடைக்கும். திவால் நடவடிக்கைக்குப் போனது ஆஸ்திரியாவின் மட்டிக்ஹோஃபனில் 1934-ல் தொடங்கிய தாய்க் கம்பெனி. விற்காத வண்டி ஒரு லட்சத்துக்கு மேல் தேங்கி, கடன் கழுத்தை நெரித்ததால் 2024 நவம்பரில் நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் தங்கள் பாக்கியில் 30 சதவீதத்தோடு கணக்கை முடிக்கச் சம்மதித்தார்கள். பணம் போட்டுக் காப்பாற்றியது நம் பஜாஜ். கம்பெனி இப்போது அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. உங்கள் 390-ம் பஜாஜின் சாக்கன் ஆலையில் பிறந்த வண்டிதான். ஆகவே கம்பெனியைவிட அந்த வண்டியின் உடம்பைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். மீட்டரில் வெப்பக் கோடு ஏற ஏற ரேடியேட்டர் பேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார், சென்சார் இவற்றில் ஒன்று போயிருக்கும். அதோடு ஊர் நெரிசலில் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு) வரை சேதம் போயிருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் காபி நிறத்தில் கசடு இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம், வாங்காதீர்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் கொக்கி போட்டாற்போல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) மாற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். இந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு எல்லை தாண்டி வரும் வண்டி என்பதால் காகிதம்தான் பெரிய வேலை. பைனான்ஸ் இருந்தால் முதலில் படிவம் 35 மூலம் நீக்க வேண்டும். பிறகு படிவம் 28-ல் விண்ணப்பித்துப் பொள்ளாச்சி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து. பாக்கி அபராதம் உண்டா என்று ஆன்லைனில் பார்த்துக்கொள்ளுங்கள். தடையில்லாச் சான்று கைக்கு வரும் முன் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். கேரளத்தில் கட்ட வேண்டிய வரியையும் முன்பே விசாரித்து விலையோடு கூட்டிப் பாருங்கள். கோபாலபுரம் எல்லையைத் தாண்டியதும் மலிவு மலிவாகவே இருக்குமா என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: பழைய டியூக் 790 எப்படி?
(வாசகர், வாளையாறு)

பதில்: அது வேறு கதை. 2019-ல் உதிரியாக வந்து இங்கே ஒன்றுசேர்க்கப்பட்ட வண்டி, பி.எஸ்.4 என்ற பழைய புகை விதியோடு நின்றுவிட்டது. பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கிளட்ச் பிளேட், பிரேக் டிஸ்க், சென்சார் மூன்றுக்கும் விலையும் காத்திருப்பு நாளும் டீலரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.