முப்பது வருடப் பரோலோ ஒயின் செங்கல் நிறத்தில் இருக்கிறதே, கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பரோலோ, நெபியோலோ என்ற திராட்சையில் செய்யும் இத்தாலியச் சிவப்பு ஒயின். அதில் நிறமி இயல்பிலேயே குறைவு, துவர்ப்பு மட்டும் ஏராளம். வருடங்கள் போகப் போக இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாக அடியில் இறங்கும். நிறம் வெளிறுவதும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு தணிவதும் அதனால்தான். வினிகர் வாடையோ நனைந்த அட்டை வாடையோ வந்தால்தான் கவலை.

குடிப்பதற்கு முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மெதுவாகச் சாய்த்து ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். நான் குடித்த பழைய பரோலோ, திறந்ததும் ஊமையாக இருந்தது. அரை மணி கழித்துத்தான் காய்ந்த ரோஜா, அப்புறம் தார், கடைசியில் ஈரமண் என்று வாசம் வந்தது.

அது பர்தோலோ மஸ்கரெல்லோ செய்தது. பரோலோ விளையும் பீட்மாண்ட் பகுதியில் பலரும் ஒரே தோட்டத்தின் பெயரில் தனித்தனியாக விற்கத் தொடங்கியபோதும், கன்னூபி உட்பட நான்கு தோட்டத்துப் பழங்களைக் கலந்தே செய்தவர். புது ஓக் மரத்தின் வெனிலா வாசம் ஏறும் பாரிக் என்ற சின்னப் பீப்பாய் அவருக்கு ஆகாது. பழைய பெரிய பீப்பாய்தான். முதுமையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லேபிள்களைக் கையால் வரைந்தார். ஒன்றில், இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்றே எழுதினார்! நல்ல குசும்பு. 2005இல் இறந்தார், மகள் மரிய தெரேசா அதே முறையில் தொடர்கிறார்.