சதி வழக்கில் தண்டனை, ஆதாரம் வாக்குமூலம் மட்டும்: அப்பீலில் பலன் உண்டா?

கேள்வி: அண்ணனுக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றம் சதி வழக்கில் தண்டனை கொடுத்துவிட்டது. பொலிஸில் எடுத்த வாக்குமூலம் தவிர வேறு சாட்சி இல்லை. அடித்து வாங்கியது என்கிறார். அப்பீல் செய்தால் பலன் இருக்குமா?

பலனை அப்புறம் பார்ப்போம் தங்கச்சி, முதலில் நாளை எண்ணுங்கள். தீர்ப்பிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனு மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். அண்ணன் உள்ளே இருப்பதால் சிறை அத்தியட்சகரிடம் அறிவித்தாலும் செல்லும். கொழும்பில் நல்ல அப்புக்காத்து தேடுகிறோம் என்று சனம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

நான் சட்டத்தரணி இல்லை, இங்கே ஒருவரிடம் கிளாக்கர். வழக்கேடு தூக்கித் தூக்கிப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்று நீங்கள் எழுதவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் சாதாரணச் சதி என்றால், பொலிஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உள்ளேயே விடாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கதை தலைகீழ். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலுள்ளவரோ எடுத்தால் 16ஆம் பிரிவின்படி அது சாட்சி. விரும்பிக் கொடுக்கவில்லை என்று காட்டும் பாரமும் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், தலையில். உங்களுடையது இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன்.

நம்மூர் சிங்கராசா வழக்கைப் பாருங்கள். 1993இல் மட்டக்களப்பில் பிடிபட்டவர். யாழ் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு முகாம்களைத் தாக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் தமிழில் பேச, ஒரு பொலிஸ்காரரே மொழிபெயர்க்க, சிங்களத்தில் தட்டச்சான தாளில் பெருவிரல் அடையாளம். 1995இல் 50 வருடம். 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆக்கியது, குற்றத்தீர்ப்பு மட்டும் அசையவில்லை. முதுகிலும் கண்ணிலும் காயம் இருந்ததை மருத்துவ அறிக்கை சொன்னது. ஆனால் அந்தப் பரிசோதனை வாக்குமூலம் எடுத்து ஒரு வருடத்துக்கும் பிறகு நடந்தது; முன்பே ஏன் முறையிடவில்லை என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். 2004இல் ஐநா மனித உரிமைக் குழு, விரும்பிக் கொடுக்கவில்லை என்று காட்டும் பாரத்தை எதிரி மேல் போட்டதே பிழை, விடுதலையோ மறுவிசாரணையோ கொடுங்கள் என்றது. 2006இல் உயர் நீதிமன்றமோ, அந்தக் குழுவிடம் முறையிட வழிவிடும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றுவிட்டது. ஆகவே ஜெனீவாவிலுள்ள அந்தக் குழுவை நம்பி இங்குள்ள அப்பீலை அலட்சியமாக விடாதீர்கள்.

அப்பீலில் பொதுவாகப் புதிதாகச் சாட்சி கேட்க மாட்டார்கள், வழக்கேட்டைத்தான் வாசிப்பார்கள். அதனால் "அண்ணன் செய்யவில்லை" என்பதை விட, வாக்குமூலத்தை ஏற்கலாமா என்று நடந்த உண்மை விளம்பல் விசாரணையின் கட்டளையைத் தேடி எடுங்கள். ஏன் ஏற்றேன் என்று நீதிபதி காரணம் எழுதியிருக்கிறாரா? சட்ட வைத்திய அதிகாரி எந்தத் திகதியில் பார்த்தார்? மொழிபெயர்த்தவர் யார், கூண்டில் ஏறினாரா?

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சதிக்கு இரண்டு பேராவது வேண்டும், அந்தக் குற்றத்தைச் செய்ய இணக்கமும் வேண்டும். வாக்குமூலம் முழுக்க "இயக்கத்தில் இருந்தேன், பயிற்சி எடுத்தேன்" என்று மட்டும் இருந்தால், குற்றப்பத்திரத்தில் உள்ள சதி எங்கே என்று கேட்கலாம். என் கண்ணுக்கு, அடித்ததை நிரூபிப்பதை விட இது சில வழக்குகளில் பலமான வாதம்.

காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். குற்றப்பத்திரம், வாக்குமூலம், அந்தக் கட்டளை, தீர்ப்பு நான்கின் பிரதியும் கையில் இருக்கட்டும்.