பேனிக் அட்டாக் வந்தாலே மனநோயா?

இரண்டு முறை காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது, இசிஜி சரியாக இருக்கிறது, டாக்டர் பேனிக் அட்டாக் என்றார், அப்படியானால் எனக்கு மனநோயா என்று கேட்டிருந்தீர்கள். பேனிக் அட்டாக் என்பது திடீரென்று பொங்கி எழும் கடும் பயம்; அந்தச் சில நிமிடங்கள் செத்துவிடுவோம் என்றே தோன்றும். உங்கள் பயம் நன்றாகப் புரிகிறது.

அட்டாக் வருவது மட்டும் நோய் ஆகாது. மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அது எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘மறுபடி வந்துவிடுமோ’ என்ற கவலையோ அதற்காக எதையாவது தவிர்ப்பதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் அது பேனிக் டிஸார்டர் என்ற நோய். லிஃப்டில் ஏறுவதையே விட்டுவிட்டேன் என்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை.

உள்ளே நடப்பது இதுதான்: இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. மனம் அதை ஹார்ட் அட்டாக் என்று எடுத்துக்கொள்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்க, துடிப்பு இன்னும் ஏறுகிறது. மாடிப்படி ஏறினாலும் இதே படபடப்புதான், ஆனால் அப்போது நாம் பயப்படுவதில்லை. உடலின் மாற்றங்களை உணர்வதே உணர்ச்சி என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இலேயே எழுதினார். அது முழு விளக்கம் ஆகாது, இருந்தாலும் பாதி உண்மை அதில் இருக்கிறது.

சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஓடவைத்து, அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவார்கள். அப்புறம், லிஃப்டை இன்னும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஒரே ஒரு மாடி, துணைக்கு ஒருவரோடு.