கீயில் எத்தனை சுற்று?

கேள்வி: ஐயா, அக்கூஸ்டிக் கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டினேன். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. கம்பியை முறுக்கும் கீயில் நிறையச் சுற்றினால்தான் நிற்கும் என்கிறான் நண்பன். சுற்றே வேண்டாம், பூட்டு போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். எது சரி? ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றலாமா?
- வாசகர், தேனி

பதில்: நண்பர் பேச்சை விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சுற்றுகள் வாசிக்க வாசிக்க இறுகிக்கொண்டே போகும், சுருதியும் கூடவே இறங்கும். தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று, நான்கு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே இறங்க வேண்டும்.

கடைக்காரர் சொன்ன பூட்டு நல்ல முறைதான். துளையில் நுழைத்த கம்பியின் வாலைக் கீயின் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து, கம்பிக்கு அடியில் விட்டு மேலே மடக்கி, அப்படியே முறுக்கினால் கம்பி தன் வாலைத் தானே நசுக்கிப் பிடிக்கும். வழுக்கும் மெல்லிய கம்பிகளுக்கு நானும் போடுவேன். தடித்ததற்குப் போடுவதில்லை. அடுத்த முறை கழற்றும்போது விரலைக் குத்தி உயிரை வாங்கும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் மறுமுனை மேல். கம்பி நுனியில் இருக்கும் குண்டு, பிரிட்ஜின் (கிதார் உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) துளையில் செருகும் பின்னின் அடி நுனியில் உட்கார்ந்திருந்தால் இழுவிசை ஏற ஏற நழுவும். அந்தப் பின்னும் மேலே எழும்பும். குண்டுக்குப் பக்கத்தில் கம்பியை லேசாக வளைத்துத் துளைக்குள் விடுங்கள். ஒரு கையால் பின்னை அழுத்திக்கொண்டே மறு கையால் கம்பியை மேலே இழுத்தால், குண்டு உள்ளே மரத்தில் போய் முட்டுவது கைக்கே தெரியும். சுருதி சேர்த்தபின் 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கம் கம்பியை மெதுவாகத் தூக்கி இழுத்து, மறுபடி சேருங்கள். இறங்காத வரைக்கும் இதே வேலைதான்.

ஆறையும் கழற்றலாம், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃபிரெட்போர்டைத் துடைக்க அதுதான் வசதி. பிரிட்ஜ் ஒட்டாமல் கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் ஆர்ச்டாப் கிதார் என்றால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

அப்புறம், வீட்டில் நைலான் கிதார் இருந்தால் இந்த ஸ்டீல் கம்பியை அதில் மாட்டிவிடாதீர்கள். நைலான் செட் மொத்தமாக இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீலில் மெல்லிய லைட் செட்டே 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

மிச்ச வாலைச் சுருதி நின்ற பிறகு வெட்டுங்கள். துண்டுகளைத் தரையில் விடாதீர்கள், வீட்டில் வெறுங்காலோடு நடப்பார்கள்.