குறிப்பேடு நெளிவதற்குக் காரணம் நாரின் திசை

ஏ4 தாள்களை இரண்டாக மடித்துத் தைத்து, மைதாப் பசையால் முதுகை ஒட்டிய குறிப்பேடு, காய்ந்ததும் அலை அலையாக நெளிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். குற்றம் உங்கள் கைவேலையில் இல்லை, தாளின் நார் ஓடும் திசையில் இருக்கிறது.

வலைச் சட்டத்தைத் தாள்கூழில் முக்கி அசைத்தெடுக்கும் கைத்தாளில் நார்கள் பல திசைகளிலும் கிடக்கும். 1799-இல் பிரான்சில் லூயி நிக்கோலா ரோபேர் காப்புரிமை பெற்ற தாள் செய்யும் இயந்திரத்தின் வழிவந்த ஆலைகளிலோ, கூழ் ஓடும் கம்பிவலையின்மேல் பாய்வதால், நார்கள் பெரும்பாலும் வலை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் மிகச் சிறிதே கூடும். குறுக்கில் நன்றாகப் பருக்கும். ஏ4 தாளில் நார் வழக்கமாக நீளவாக்கில் இருப்பதால், மடித்தவுடன் அது முதுகுக்குக் குறுக்கே அமைந்து, பசையின் ஈரத்தில் முதுகோரம் விரிய முயன்று, இடமின்றி நெளிகிறது.

சிறு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள். அது குழலாகச் சுருளும், அக்குழலின் நீளவாக்கே நாரின் திசை. நீளவாக்கு நாருள்ள ஏ3 தாளை, அதன் நீளப் பக்கம் பாதியாகும்படி வெட்டி, கிடைக்கும் ஏ4 தாள்களை முன்போலவே இரண்டாக மடித்தால் நார் முதுகுக்கு இணையாக அமையும். அட்டையையும் அதன் நார் முதுகுக்கு இணையாக அமையும்படியே வெட்டுங்கள். இப்போதுள்ள ஏட்டைக் கனத்தின்கீழ் சில நாள் வைத்தால் நெளிவு குறையலாம், முழுதாக மறையாது.