மதுரை மாசி வீதியில் குப்பை வண்டி அள்ளிப்போன பை: எங்கே கேட்பது?

போலீஸ் ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம், முதலில் அந்த வார்டின் துப்புரவு மேஸ்திரியைப் பிடியுங்கள். மேல மாசி வீதி நடைபாதையில் படுக்கும் பெரியவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பையைக் காணோம், ஆதாரும் சுகர் மாத்திரையும் அதில்தான் என்கிறீர்கள். ஆள் இல்லாமல் சாக்குப்பை கிடந்ததால் குப்பை என்று நினைத்து ஏற்றியிருப்பார்கள்.

எந்த வண்டி, எங்கே போனது என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். பெரியவரையும் கூட்டிப்போங்கள், பையின் நிறம், கட்டிய கயிறு எல்லாம் அவர்தான் சரியாகச் சொல்வார். அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டால் தேடி எடுப்பது ரொம்பக் கஷ்டம், அதனால் இன்றே போங்கள்.

கிடைக்கவில்லையா, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பொருட்களைப் பட்டியல் போட்டு மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சட்ட அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவு சொல்கிறது, வீடு இல்லாதவருக்கும் அது உண்டு, மனுவில் அதையும் எழுதுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மாத்திரைக்கு மனுவின் பதிலை எதிர்பார்க்க வேண்டாம், பெரியாஸ்பத்திரியில் (அரசு ராஜாஜி மருத்துவமனை) இன்றே வாங்கிவிடுங்கள். ஆதார் எண் நினைவில்லை என்றாலும் ஆதார் மையத்தில் கைரேகை வைத்துக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் கவனம்: பறித்த பொருளைக் கேட்டதிலிருந்து 2 வேலை நாளில் தர வேண்டும் என்கிற 2014 சட்டம் தெரு வியாபாரிகளுக்கானது. பெரியவர் பூவோ கடலையோ விற்பவராக இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும்.